கையில ஒண்ணு

(பரீட்சைக் காலத்தில், கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பெற்றோர்களிடம் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மஞ்சள் வேகவைக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

போன வாரம் எங்கள் திண்ணையில் ஒரு பாப்பா 47-ஐயும் 38-ஐயும் மனக்கணக்காகக் கூட்டிக்கொண்டிருந்தாள். "ஏழும் எட்டும் பதினஞ்சு. அஞ்சு போட்டு, கையில ஒண்ணு..." அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை, தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான். பாப்பா 75 என்றாள்.

ஏழும் எட்டும் அவளுக்கு மறக்கவில்லை. நாலும் மூணும் ஏழு என்பதும் தெரிகிறது. கையில் இருந்த அந்த ஒண்ணைத்தான் காணோம்.

அந்தக் 'கை'க்கு உளவியலில் செயல்படு நினைவு என்று பேர். படித்ததெல்லாம் குடோனில் மூட்டை மூட்டையாக இருக்கும். உள்ளங்கையில் கொஞ்சம்தான் பிடிக்கும். ஒரே நேரத்தில் ஏழு விஷயம், இரண்டு கூடக்குறைய என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதினார். 2001-ல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதையும் நாலு என்று குறைத்துவிட்டார். அந்த நாலில் ஒன்றை 'அப்பா என்ன சொல்வாரோ' பிடித்துக்கொண்டால் கணக்குக்கு எங்கே இடம்?

அதே 2001-ல் ஆஷ்க்ராஃப்ட், கிர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில எழுத்துகளை மனதில் வைத்துக்கொண்டே கூட்டச் சொன்னார்கள். கணக்கென்றாலே பயப்படுகிறவர்கள் தடுமாறியது பெரும்பாலும் கையில் ஒண்ணு வைக்க வேண்டிய கூட்டல்களில்தான். பயந்த பிள்ளை சரியான விடையும் போடும், ஆனால் அதற்குப் பாடு அதிகம், நேரமும் இழுக்கும். "டைம் பத்தலைங்க சார்" என்று அழுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த ரகம் என்பது என் கணிப்பு.

"பயம் இருந்தாத்தானுங்க படிப்பான்" என்பீர்கள். நானும் முப்பது வருஷம் பிரம்போடு நின்றவன்தான். புத்தகத்தை எடுக்க வைக்க அது உதவியிருக்கலாம். பரீட்சை ஹாலில் நான் பிடுங்கிக்கொண்டது அந்த ஒண்ணை.

சரி, என்ன செய்யலாம்? 2011-ல் ரமீரஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் பரீட்சைக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம், மனதில் இருக்கும் பயத்தை அப்படியே எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். அதிகம் பயந்த பிள்ளைகளுக்கு மார்க் கூடியது. ஒரு வெள்ளைத்தாள் செலவு. அப்புறம், கையில் வைக்கும் ஒண்ணைத் தாளிலேயே ஓரமாக எழுதச் சொல்லுங்கள். அழகு கெட்டால் கெடட்டும்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் விட்டிருக்கிறவர்கள், பரீட்சைக்கு முந்தின ராத்திரி போன் செய்தால், "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.