கொழும்பில் நாலு நாள், இருவராக

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையிலிருந்து கணவனும் மனைவியுமாகக் கொழும்புக்கு நாலு நாள் போய்வர நினைப்பவர்களுக்கான பேச்சு இது. கடைத்தெரு, நூதனசாலை, நல்ல சாப்பாடு, ஒரு நாடகம், இவ்வளவும் நாலு நாளுக்குள் தாராளமாக அடங்கும். பலருக்கு அடங்காமல் போவது காசு போதாமல் அல்ல, கிழமை பிழைத்து.

ஆகவே முதலில் கலண்டரை எடுங்கள். பௌர்ணமிப் போயா தினம் இடையில் வந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். பொது விடுமுறை என்பதால் நூதனசாலை பூட்டு, கடைத்தெருவான புறக்கோட்டையும் பெரும்பாலும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரம்தான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை 12 மணி போல் ஜும்ஆத் தொழுகைக்காகப் பல கடைகளை மூடுவார்கள், திறக்க 2 மணியாகும். புதன் இரவு ரயிலேறி, வியாழன் விடியக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பும் ரயிலைப் பிடிப்பதுதான் வசதி. ரயில் ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறக்கும். நீண்ட விடுமுறை வாரமென்றால் திறந்த அன்றே பதிவு செய்யுங்கள். ரயில் நேரத்தை நம்முடைய நிலையத்திலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

விடியுமுன் போய் இறங்கினால் அறை கிடைக்காது. பெரும்பாலான விடுதிகளில் மதியம் 2 மணிக்குத்தான் அறை தருவார்கள். காலையிலேயே தர முடியுமா, மேலதிகமாக எவ்வளவு, அதுவரை பைகளை வைத்திருப்பார்களா என்ற மூன்றையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். இருவருடைய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஒருவருடையது மட்டும் இருந்தால் சில இடங்களில் கதவிலேயே நிற்க நேரும். தங்க வெள்ளவத்தை நல்லது. தமிழ்ச் சாப்பாடு, சீலைக் கடைகள், கடலோர ரயில் எல்லாம் நடக்கிற தூரத்தில். காலி வீதியில் மாலை நெரிசலில் ஓட்டோவுக்குள் வேர்த்துக்கொண்டு இருப்பதைவிட, கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே கடற்காற்று வாங்கிக்கொண்டு ரயிலில் போவது மலிவு, வேகமும் கூட.

வியாழன் மதியம் தேசிய நூதனசாலை. ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். கண்டி அரசரின் சிம்மாசனத்தைத்தான் எல்லோரும் தேடிப் போவார்கள். பாருங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நம்மவர் நின்று பார்க்க வேண்டியது ஒரு கல். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டு. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயிலின் தெனாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் வேறு. 1911இல் காலியில் வடிகால் மூடியாகக் குப்புறக் கிடந்ததைத்தான் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்திருக்கும். நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் ஒதுங்கி, வெளிச்சம் சரிவாக விழும் கோணத்தில் பார்த்தால் ஓரிரு எழுத்துப் பிடிபடும்.

அடுத்தது பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்கள். நடராசரும், அடியார்களின் சிறு படிமங்களும். கோணேசர் கோயிலில் தேவாரம் கேட்டுப் பழகியவருக்கு அறிமுகம் தேவைப்படாத முகங்கள். 2 மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் கால் கெஞ்சும். எதிரே விகாரமகாதேவிப் பூங்கா இருக்கிறது, உட்கார.

வெள்ளி காலை 9 மணிக்கே புறக்கோட்டை. குறுக்குத் தெருக்களை இலக்கத்தால் நினைவில் வையுங்கள். முதலாம் குறுக்குத் தெரு மின்சாதனம், இரண்டாம் மூன்றாம் தெருக்கள் துணி, நாலாம் தெரு அரிசி, மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம். இரண்டாம் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் பாரவண்டி தள்ளிக்கொண்டு குரல் கொடுத்தால் உடனே ஒதுங்குங்கள், அந்த வண்டி நினைத்த இடத்தில் நிற்காது.

நகை வாங்குவதென்றால் செட்டியார் தெரு. அங்கே பிழைப்பது கணக்கில்தான். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் 916 முத்திரை, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 2 பவுண் சங்கிலிக்கு 16 கிராம், அதற்கு 8 வீதம் சேதாரம் என்றால் 1.28 கிராம் தங்கத்துக்குச் சும்மா காசு கொடுக்கிறீர்கள், செய்கூலி தனி. நாளைக்கு விற்கப் போனால் இந்த இரண்டும் திரும்பி வராது. ஆகவே அன்றைய பவுண் விலையைக் கேட்டுக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்குவதில் பலனில்லை, அது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சேதாரத்தையும் கூலியையும் பேசுங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டில் கிராம், கரட், சேதாரம், கூலி நான்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

சீலைக்கு வெள்ளவத்தையே போதும். கடை வெளிச்சம் மஞ்சளாக இருக்கும், அதில் மெரூனும் காப்பிக் கலரும் ஒன்றாய்த் தெரியும். சீலையை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள், நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார். அசல் பட்டா என்ற சந்தேகமிருந்தால் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலைக் கேட்டு வாங்கி, வெளியே வைத்துக் கொளுத்துங்கள். பட்டு, மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூல் உருகி, முனையில் கடுகு போல் இறுகி நிற்கும். சட்டைத் துண்டு உள்ளேயா தனியா என்பதையும் கேளுங்கள். உள்ளே என்றால் மொத்தம் ஆறேகால் மீற்றர் அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் கொசுவம் கிடைக்காது.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லலாம்: லம்பிறைஸ். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டுச் சமையல். சாற்றில் வெந்த சோறு, கலந்த இறைச்சிக் கறி, இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல் எல்லாம் வாழையிலையில் கட்டி அடுப்பில் வாட்டியது. கறியில் மாடும் பன்றியும் கலக்கும் வழக்கம் உண்டு, விலக்குபவர்கள் கேட்டு வாங்குங்கள். காலிமுகத்திடலில் இறால் வடையை உங்கள் கண் முன்னே எண்ணெயிலிருந்து எடுத்தால் மட்டும் வாங்குங்கள். அடுக்கி வைத்தது காற்றில் நமுத்துவிடும். பெரிய ஹோட்டல்களில் விலைப்பட்டியலின் அடியில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் கவனம். 10,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்குச் சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ந்து 11,000. அதன்மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி 1,980. இந்த இரண்டோடு மட்டும் கையைவிட்டுப் போவது 12,980.

நாடகம் சனி மாலைக்கு. உண்மையில் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன் நிச்சயிக்க வேண்டும். மற்றவை நகரும், நாடகத் திகதி நகராது. தமிழ் நாடகம் எப்போதாவதுதான் கிடைக்கும். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்கத்தையும் பம்பலப்பிட்டியில் கதிரேசன் மண்டபத்தையும் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் லயனல் வெண்ட் அரங்கில் சிங்கள நாடகம் பாருங்கள். வசனம் புரியாதே என்று தயங்குபவர்கள் பாட்டும் ஆட்டமும் உள்ள நாடகமாகத் தேர்ந்தெடுக்கட்டும். எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ 1956இல் அந்த அரங்கில்தான் முதலில் மேடையேறியது. அந்த நாடகம் எடுத்துக்கொண்ட, ‘நாடகம’ என்ற சிங்களப் பாட்டுநாடக மரபு நம்முடைய கூத்தின் வழி வந்தது. மத்தளத்துக்கும் கட்டியகாரன் வரவுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம். இருக்கை எடுக்கும்போது முதல் இரண்டு வரிசையைத் தவிருங்கள். கழுத்து வலிக்கும், ஆடுபவரின் காலும் முழுதாகத் தெரியாது. நடு வரிசையின் நடு இருக்கை சரி. நாடகம் முடிய இரவு 9 மணி தாண்டலாம். அன்றிரவே ஊர் ரயிலைப் பிடிக்கத் திட்டமிட்டால் கடைசிக் காட்சி முழுக்கக் கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள்.

ஞாயிறு இரவு கோட்டையில் ஏறும்போது பெட்டியின் பலகையை வாசியுங்கள். மட்டக்களப்பு வண்டியும் கல்லோயாச் சந்தி வரை நம்முடைய பாதையில்தான் ஓடும், அங்கேதான் பிரியும். மாறி ஏறித் தூங்கிவிட்டால், வியாழன் நூதனசாலையில் பார்த்த வெண்கலங்கள் கிடைத்த பொலன்னறுவையிலேயே கண்விழிக்க நேரும்.