சாட்சியின் வாயைக் கட்டியது பயமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை, சிகாகோ நகரின் கள்ளச்சாராயக் கும்பல்களைக் கொலை வழக்குகளிலிருந்து காப்பாற்றியது பணமா, பயமா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் லஞ்சக் கணக்கு படித்தே தன் நேரத்தை முடித்துக்கொண்டார். லஞ்சம் இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவனே பார்க்கவில்லை என்றால் நேர்மையான போலீஸ்காரர் மட்டும் என்ன செய்வார்?

1924 மே மாதம் ஒரு மதுக்கடையில் ஜோ ஹோவர்ட் சுட்டுக் கொல்லப்பட்டான். சந்தேகம் கும்பல் தலைவன் அல் கபோன் மீது. பிரேத விசாரணைக்கு வந்தபோது, கண்ணெதிரே பார்த்தவர்களுக்கே ஆளை அடையாளம் தெரியவில்லை! அந்த வழக்கில் கபோனைக் கேள்வி கேட்ட துணை அரசு வழக்கறிஞர் வில்லியம் மெக்ஸ்விகின், 1926 ஏப்ரலில் சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் இயந்திரத் துப்பாக்கிக்குப் பலியானார். அன்றிரவு அவர் கள்ளச்சாராயக்காரர்களோடு ஏன் சுற்றினார் என்பது தனிக்கதை, அதை விடுங்கள். அவர் கொலைக்காக கிராண்ட் ஜூரிகள், அதாவது வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுக்கள், அடுத்தடுத்துக் கூடின. ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. அரசு வழக்கறிஞருக்கே இந்தக் கதி என்றால், பிள்ளைகுட்டிக்காரன் எவன் கூண்டேறுவான்?

அப்புறம் ஸ்காலிஸ், அன்செல்மி என்ற இரண்டு கும்பல் அடியாட்களின் வழக்கு. 1925-ல் இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் 14 ஆண்டு சிறை. மேல்முறையீட்டுக்குப் பின் 1927-ல் விடுதலை. "பெரிய வக்கீல் வைத்தார்கள், பணம்தானே ஜெயித்தது?" என்பார் நண்பர். அந்த வக்கீல் ஃபீஸ் எங்கிருந்து வந்தது? இத்தாலியர் குடியிருப்புகளில் வீடு வீடாக மிரட்டி வசூலித்தார்கள். உங்கள் பணமே எங்கள் பயம் பெற்ற பிள்ளை, ஐயா!

கடைசியில் 1931-ல் கபோன் சிக்கியது எதில்? வருமான வரி ஏய்ப்பில். 11 ஆண்டு சிறை. தீர்ப்புச் சொல்ல அமரும் பொதுமக்களான ஜூரிகளை வளைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, நீதிபதி வில்கர்சன் ஜூரிப் பட்டியலையே மாற்றினார். இதை நண்பர் தன் கட்சிக்கு எடுத்துக்கொண்டார், சரி. ஆனால் அதே வழக்கில் கபோனின் சூதாட்ட விடுதிக் காசாளர் ஃபிரெட் ரீஸை அரசு என்ன செய்தது? விசாரணை வரை தென் அமெரிக்காவுக்கு அனுப்பி ஒளித்துவைத்தது. வெறும் வரி வழக்குச் சாட்சிக்கே ஒரு கண்டம் தாண்டவேண்டியிருந்தது. நண்பர் இதற்கு எந்த லஞ்சத்தைக் காரணம் காட்டுவார் என்று கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!