கட்டை முதலில் விழுந்ததா, சக்கரம் முதலில் வந்ததா?

உடற்கல்வி ஆசிரியர்களே, நடுவர் விசிலைப் புதிதாகக் கழுத்தில் மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் மதுரையில் கோடைக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிற ஒரு சாயங்காலம். வெயில் இறங்கியும் சிமெண்ட் தரை சூடு கக்குகிறது. ஒரு பையன் வலப்பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டே உள்ளே பாய்கிறான். எதிரில் ஒருவன் வந்து நிற்கிறான். தொம்! இரண்டு பேரும் தரையில். நீங்கள் ஊதிவிட்டீர்கள், முஷ்டி மேலே போய்விட்டது. அடுத்து என்ன காட்டுவீர்கள்? இரண்டு கையையும் இடுப்பில் வைத்தால் பிளாக், தடுத்தவன் தப்பு. உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தினால் சார்ஜ், பாய்ந்தவன் தப்பு. பந்து கையை விடும் முன்பே இடி விழுந்து, பந்தும் கூடையில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். பிளாக் என்றால் இரண்டு புள்ளி, கூடவே யாரும் தடுக்காமல் ஒரு புள்ளிக்கு எறிகிற ஒரு ஃப்ரீ த்ரோ. சார்ஜ் என்றால் அந்தக் கூடை செல்லாது, பந்தும் எதிரணிக்கு. ஒரே விசிலில் மூன்று புள்ளி ஆடிப்போகிறது.

மதுரைக்காரன் என்பதால் காளையை இழுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். காளைக்கு ஃபவுல் கிடையாது, விட்டுவிடுகிறேன். எனக்குத் தேர்தான் நினைவுக்கு வருகிறது. சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும்போது கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் மட்டும் அண்ணாந்து பார்க்க மாட்டார். சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற ஒரு சாண் தரைதான் அவருக்கு உலகம். நம் வேலையும் அதுதான். பந்தைப் பார்க்க ஊரே இருக்கிறது. நீங்கள் தடுப்பவனைப் பாருங்கள். கட்டை முன்பே கிடந்ததா, சக்கரம் வந்த பிறகு செருகினார்களா? 'தொம்' கேட்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு கண்ணைத் திருப்பினால், விழுந்தவன் மேல் பரிதாபப்படுவதைத் தவிர வேறு வழியில்லை.

நானே அப்படித் தப்புச் செய்தவன். ஒரு இறுதி ஆட்டம், ஊர் வேண்டாம். கடைசி நிமிடத்தில் தடுத்த பையன் பின்வாங்கியபடியே நெஞ்சில் வாங்கி மல்லாந்தான். "கால் நகர்ந்தது" என்று பிளாக் கொடுத்தேன். அவன் அணி தோற்றது. ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கிறேன், முழங்கைச் சிராய்ப்போடு அவன் வந்தான். சண்டைக்கு வரவில்லை. "சார், நான் பின்னாலதான சார் போனேன். பின்னால போறவன் எப்டி சார் இடிப்பான்?" என்றான். கையில் வடை, வாயில் பதில் இல்லை. அன்று ராத்திரிதான் விதிப் புத்தகத்தின் அந்தப் பகுதியை ஒழுங்காகப் படித்தேன்.

"அசையாமல் நின்றால்தான் சார்ஜ்" என்று நம் மைதானங்களில் பாதிப் பேர் இன்றும் சொல்கிறார்கள். கோச்சுகள் கத்துவார்கள், அம்மா அப்பாக்களும் கத்துவார்கள். விதியில் அப்படி எதுவும் இல்லை. எதிராளியைப் பார்த்து நின்று, இரண்டு காலும் தரையில் பட வேண்டும். அவ்வளவுதான், இடம் அவனுடையது. அதன்பின் பக்கவாட்டில் நகரலாம், பின்வாங்கலாம், நேர் மேலே குதிக்கலாம், அடி படாமல் இருக்க உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம். வருகிறவன் மேல் சாய்ந்து முட்டத்தான் கூடாது. பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் விட வேண்டும் என்ற கணக்கும் இல்லை. பந்து இல்லாமல் ஓடுகிறவனுக்குத்தான் நின்று திரும்ப இடம் விட வேண்டும், குறைந்தது ஒரு தப்படி.

பாய்கிறவன் தரையை விட்டு எழும்பிவிட்டால் கதை மாறும். அதன்பின் அவன் வழியில் போய் நிற்பது பிளாக். ஆகவே அவன் எழும்பும் கணம்தான் நமக்குக் கோடு. டிவியில் அமெரிக்க ஆட்டம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் இங்கேதான் மல்லுக்கட்டுவார்கள். அங்கே கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2023-24 பருவத்திலிருந்து, எழும்புவதற்காகக் காலை ஊன்றும்போதே தடுப்பவன் இடத்தில் இருக்க வேண்டும். நாம் ஆடுவது ஃபீபா விதி, அதாவது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி. "அங்க அப்படித்தான் சார் சொல்றாய்ங்க" என்று வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

கூடைக்குக் கீழே அரைவட்டம் ஒன்று உண்டு. கூடையின் மையத்துக்கு நேர் கீழிருந்து 1.25 மீட்டர் ஆரம். ஃபீபா இதை 2010-இல் கொண்டுவந்தது, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. 1997-இலேயே. தடுப்பவன் கால் அந்தக் கோட்டில் பட்டாலும், உள்ளே இருந்தாலும், பந்தோடு எழும்பி வந்து மோதுகிறவன் மேல் சார்ஜ் கிடையாது. கையாலோ காலாலோ உடம்பாலோ முறைகேடாக அந்தப் பாய்கிறவன் தள்ளினால் மட்டும் உண்டு. அதற்காக உள்ளே நிற்பவன் செய்வதெல்லாம் பிளாக் என்று ஊதிவிடாதீர்கள். நேர் மேலே குதித்துக் கை உயர்த்தினால் அவன் நிரபராதி. நம் பள்ளி மைதானங்களில் இந்தக் கோடு பாதி அழிந்தே கிடக்கும். ஆட்டத்துக்கு முன் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் டேப்பும் எடுத்துப் போங்கள்.

ஊதிய பிறகும் சந்தேகமா? எங்கே பட்டது என்று பாருங்கள். தடுத்தவனின் நடு நெஞ்சில் பட்டால் பெரும்பாலும் அவன் முன்பே வந்தவன். தோளிலோ நீட்டிய இடுப்பிலோ தொடையிலோ பட்டால் பெரும்பாலும் தாமதமாக வந்தவன். இது விதியில்லை, ஊதி ஊதி வந்த பழக்கம். விழுந்ததைச் சாட்சியாக எடுக்காதீர்கள். தொடும் முன்பே சரிகிற நடிகர்கள் நம்மிடமும் உண்டு, அந்த நடிப்பே விதிப்படி குற்றம்.

முஷ்டி மேலே போனதும் அங்கேயே ஒரு மூச்சு நிறுத்தி, கூட ஊதிய இன்னொரு நடுவரைப் பாருங்கள். நீங்கள் இடுப்பில் கை வைக்க, அவர் உள்ளங்கையில் குத்தினார் என்றால் அப்புறம் எந்தத் தீர்ப்புச் சொன்னாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

பேசியது போதும், கோர்ட்டுக்கு வாருங்கள். இரண்டு பேர் ஓடட்டும், பந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். பந்தை நானே கக்கத்தில் வைத்திருக்கிறேன்.