மாவளி சுற்றும்போது ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது?

வணக்கம் மக்களே. பின்னால் நாய் குரைத்தால் கண்டுகொள்ளாதீர்கள், விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் நின்று பேசுகிறேன். நேற்றுக் கார்த்திகை தீபம். தம்பி மாவளி சுற்றினான், நான் லாங் எக்ஸ்போஷரில், அதாவது கேமராவின் ஒளிக்கதவான ஷட்டரைப் பல நொடி திறந்து வைத்து, படம் எடுத்தேன்.

மாவளி தெரியாதவர்களுக்கு: ஆண் பனையின் பூவைக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் சுருட்டிக் கட்ட வேண்டும். அதைப் பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே செருகி, கயிறு கட்டி, நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி பூப்பூவாகக் கொட்டும். எங்கள் சித்தப்பா ஐந்து கட்டிக் கொடுத்தார். ஒன்று எரிந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான், அதனால் ஆற அமரச் சோதிக்க முடியாது.

முதல் மாவளியை நான்தான் பாழாக்கினேன். இருட்டுதானே என்று ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 800, அபெர்ச்சர் (லென்ஸின் துளை, எண் கூடினால் துளை சிறிது) 5.6, ஷட்டர் 20 நொடி. கார்த்திகை என்றால் பௌர்ணமி நிலா இருக்குமே, அது மண்டையில் ஏறவில்லை. வானம் பகல் மாதிரி வெளுத்துவிட்டது, நடுவில் மாவளி ஒரு வெள்ளைப் பந்து!

இங்கேதான் விஷயம். நிலா வெளிச்சத்தில் நிற்கும் பனைமரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஒரே இடத்தில் பதிகிறது, அதனால் நேரம் கூடக் கூட வெளுக்கிறது. பொறி அப்படி இல்லை. படம் பதியும் சென்சாரில் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. 4 நொடி வைத்தாலும் 20 நொடி வைத்தாலும் ஒரு கோட்டின் பிரகாசம் அதேதான், கோடுகளின் எண்ணிக்கைதான் கூடும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடைத்துக்கொண்டால்தான் அந்த வெள்ளைப் பந்து. பொறியின் நிறத்தைப் பிடிக்க அபெர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும்தான் தொட வேண்டும். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் 8, ஷட்டர் 4 நொடி என்று மாற்றினேன். வானம் கறுத்தது, பொறி தங்க நிறத்துக்கு வந்தது, சுற்றுகளை எண்ணவே முடிந்தது.

அடுத்த சிக்கல் தம்பி. அவனும் அசைகிறான் இல்லையா, முகம் புகை மாதிரி கரைந்துவிட்டது. ஆயா கேமராத் திரையை எட்டிப் பார்த்து, "ஏண்டா, பையனுக்கு எத்தனை கை?" என்றார். 1838இல் புகைப்படக்கலை முன்னோடி டாகேர் எடுத்த பாரிஸ் தெருப் படத்திலும் இதே கதைதான். பல நிமிட எக்ஸ்போஷரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் மறைந்துபோக, ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் பதிந்துவிட்டார். நம் தம்பி அப்படி நிற்கிற ஆளா? ஃபிளாஷை ரியர் கர்ட்டனில் போட்டேன். ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் மெலிதாக ஒரு வெட்டு. முகம் நின்றது, பொறி ஓடியது.

சரி, எனக்குப் பிடித்த படம் இது எதுவும் இல்லை. கை தவறி ஷட்டரைக் கால் நொடிக்குத் திருப்பிவிட்டேன். முழு வட்டம் இல்லை, பிறை மாதிரி ஒரு வளைவு, அதன் ஓரத்தில் சீப்புப் பல்லாகப் பொறிகள். முழு வட்டம் அழகுதான், ஆனால் கோலம் மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. இதில்தான் சுற்றுகிற வேகம் தெரிகிறது.

அப்புறம், லென்ஸுக்குக் கண்ணாடி ஃபில்டர் போடாமல் கிட்டே போகாதீர்கள். நைலான் சட்டையும் வேண்டாம். என் லுங்கியில் இரண்டு ஓட்டை.

இன்னும் ஒரு மாவளி மிச்சம் இருக்கிறது. இன்றிரவு முழுக்கக் கால் நொடியில்தான். தம்பி, தீப்பெட்டி எடுத்தாயா?