ஊரில் இலவச அனிமேஷன் கழகம் தொடங்குவது எப்படி? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வன்னியிலுள்ள மல்லாவியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டிருப்பது இது: "கணினி விளையாட்டுகளுக்குப் படம் வரைந்தும் பாத்திரங்களுக்கு அசைவு கொடுத்தும் வீட்டிலிருந்தே தனியாகத் தொழில் செய்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஓர் அனிமேஷன் கழகம் தொடங்க ஆசை. என்னிடம் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. இதை வைத்துக்கொண்டு தொடங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது? என் சொந்த வேலை கெடாமல் நடத்த முடியுமா? முடிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டுமா?"

தாராளமாகத் தொடங்கலாம் சகோதரி. ஆனால் அந்த மடிக்கணினியை முதல் இரண்டு மாதங்களுக்குப் பிள்ளைகளின் முன் திறக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். மென்பொருள் கற்பிக்கும் வகுப்பாக இதைத் தொடங்கினீர்களென்றால் ஒரு மடிக்கணினியைச் சுற்றிப் பதினைந்து பிள்ளைகள் நிற்பார்கள். ஒருவர் கையில் மவுஸ் இருக்கும், மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள், சில வாரங்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். பிள்ளைகள் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு படத்தை முடித்து, அதைத் தங்கள் ஊராருக்குப் போட்டுக் காட்டுவதற்காகக் கூடும் இடமாகக் கழகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு படம் மூன்று வினாடி ஓடினாலும் போதும். அது முடிந்த படமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று வினாடி என்று நான் சொல்வதற்குக் கணக்கு இருக்கிறது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனி நிலைப்படங்களாக, ஓடுகிறது. கையால் வரையும் அனிமேஷனில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால், வினாடிக்கு 12 படங்கள் வரைந்தால் கண்ணுக்கு அசைவு சீராகவே தெரியும். ஆகவே மூன்று வினாடிக்கு 36 படங்கள் தேவை. ஆறு பிள்ளைகள் ஒரு குழுவாக அமர்ந்தால் ஆளுக்கு ஆறு படங்கள்தான். அதை ஒரே பின்னேரத்தில் வரைந்து முடித்து, அன்றைக்கே கைப்பேசியில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தான் வரைந்த கோடு எழுந்து நடப்பதை ஒரு தடவை பார்த்த பிள்ளை அடுத்த கிழமையும் வரும். தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரும்.

இதற்கு வேண்டிய சாமான்களை ஊரிலேயே செய்துகொள்ளலாம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமர்வதற்குத் தொழில்முறைக் கலைஞர்கள் முளைகள் பொருத்திய சட்டம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. அலுவலகங்களில் கோப்புகளுக்குத் துளையிடும் சாதாரண பஞ்ச் எடுக்கும் இரண்டு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 80 மில்லிமீற்றர் இருக்கும்; துளையின் விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். ஒரு பலகைத் துண்டில் அதே இடைவெளியில், துளைக்குள் இறுக்கமில்லாமல் நுழையும் பருமனில், இரண்டு மரமுளைகளை அடித்துத் தரும்படி ஊர்த் தச்சரிடம் கேளுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி நீளப் பக்கத்தில் துளையிட்டு முளைகளில் மாட்டினால் எந்தத் தாளும் நகராது. 500 தாள் கொண்ட ஒரு கட்டு ஆயிரம் படங்களுக்குப் போதும். கீழிருக்கும் படம் மேல்தாளில் தெரிவதற்கு, ஒரு சிறு பெட்டியின் மேல் கண்ணாடித் துண்டை வைத்து உள்ளே எல்ஈடி மின்குமிழ் ஒன்றைப் போடுங்கள். மின்சாரம் போய்விட்டால் கைப்பேசியின் டோர்ச் வெளிச்சமே போதும். கண்ணாடியின் விளிம்புகளை மட்டும் மறக்காமல் நாடாவால் ஒட்டிவிடுங்கள்.

படம் பிடிக்கும்போது கைப்பேசியை லென்ஸ் கீழ்நோக்கும்படி அசையாமல் பொருத்தி, குவியத்தையும் ஒளி அளவையும் பூட்டிவிட வேண்டும். யன்னல் வெளிச்சத்தை நம்பினால், மேகம் கடக்கும் ஒவ்வொரு தடவையும் படம் இருண்டும் வெளுத்தும் மினுங்கும் என்பதால், யன்னலைச் சாத்திவிட்டு ஒரே மின்குமிழின் கீழ் எல்லாப் படங்களையும் எடுத்து முடியுங்கள். வினாடிக்கு 12 படங்கள் ஓடும்படி அமைக்கக்கூடிய இலவச ஸ்டாப் மோஷன் செயலிகள் (ஒவ்வொன்றாக எடுத்த படங்களைத் தொடர்ச்சியாக ஓடவிடும் செயலிகள்) சாதாரண அன்ட்ரொயிட் கைப்பேசிகளிலேயே இயங்கும்.

முதல் பயிற்சியாக எல்லாரும் துள்ளும் பந்தைத்தான் கொடுப்பார்கள். அதைக் கொடுங்கள், அத்துடன் சேர்த்து மரத்திலிருந்து விழும் பனம்பழத்தையும் கொடுங்கள். பிள்ளைகள் இரண்டையும் தினமும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் வரையும் நோக்கத்தோடு பார்த்ததில்லை. ரெனிஸ் பந்து மேலே போகப்போக வேகம் குறைவதால், உச்சியில் படங்கள் நெருக்கமாக இருக்கும். தரையை நெருங்கும்போது படங்களுக்கு இடையே தூரம் கூடும். தரையில் பட்டதும் சற்று நசுங்கி மீண்டும் எழும், ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடக் குறையும். பனம்பழம் அதே வேகத்தில்தான் விழுகிறது, ஆனால் தரையில் பட்டதும் எழுவதில்லை. தொப்பென்று பதிந்து, அரைச் சுற்று உருண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். இரண்டையும் ஒரே அளவு வட்டமாக வரையச் சொல்லுங்கள். நிறமும் வேண்டாம், நிழலும் வேண்டாம். எது பந்து, எது பழம் என்று பார்ப்பவர் அசைவை வைத்தே சொல்லிவிட்டாரென்றால், பாரத்தை எப்படி வரைவது என்பதைப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. என் அனுபவத்தில் ஒரு பிள்ளைக்கு அனிமேஷன் புரிகிற இடம் இதுதான், ஆகையால் இந்தப் பயிற்சியில் அவசரப்படாதீர்கள்.

அடுத்தது தாளம். வன்னியில் பிறந்த நமக்கு இது ஒரு பெரும் கொடை. முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடுகிறார்கள். காத்தவராயன் கூத்தைப் பார்க்காத ஊர் குறைவு. கூத்தில் அரசனுக்கு ஒரு நடை, சேவகனுக்கு வேறொரு நடை. இசை தெரிந்த பெரியவர் ஒருவரை மத்தளத்துடன் அழைத்து, நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு அரை வினாடி, அதாவது ஆறு படங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கால் தரையில் ஊன்ற வேண்டும் என்றால், ஆறு படங்களுக்கு ஓர் அடி, பன்னிரண்டு படங்களுக்கு இரண்டு கால்களும் முழுமையாக மாறி வரும் ஒரு நடைச்சுற்று. தாளத்தை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் படிப்பிக்கவே தேவையில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் குரலையோ மத்தளத்தையோ ஒலிப்பதிவு செய்து படத்தில் சேர்ப்பதாக இருந்தால், முன்கூட்டியே அவருடைய சம்மதத்தைக் கேட்டு, படத்தின் முடிவில் அவர் பெயரையும் போடுங்கள்.

நீங்கள் கேம் கலைஞர் என்பதால் சாதாரண ஓவிய ஆசிரியரால் கொடுக்க முடியாத ஒன்றை உங்களால் கொடுக்க முடியும். பிள்ளை வரைந்த நடையை அதே பிள்ளை விசைப்பலகையின் விசையை அழுத்தி நடக்கவைக்கலாம். மடிக்கணினியைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். கோடோ என்ற கேம் இயந்திரம், அதாவது கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள், 2014 முதல் திறந்த மூலமாக, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடமளிக்கும் எம்ஐடி உரிமத்தின் கீழ், கட்டணமின்றிக் கிடைக்கிறது. படம்பிடித்த நடைச்சுற்றை வெட்டியெடுத்து வரிசையாக அடுக்கி அதில் ஏற்றினால், ஒரு பின்னேரத்துக்குள் பாத்திரம் திரையில் இடமும் வலமும் நடக்கும். அப்போது படத்துக்கும் கேமுக்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டுங்கள். படத்தில் ஒருவர் பாய்வதற்கு முன் நன்றாகக் குனிந்து பதுங்குவதை ஐந்தாறு படங்களில் ஆறுதலாகக் காட்டலாம். கேமில் அவ்வளவு நேரம் எடுத்தால், விசையை அழுத்தியவருக்குத் தன் சொல்லைப் பாத்திரம் கேட்கவில்லை என்ற எரிச்சல் வந்துவிடும். ஆகவே பதுங்கலை ஒன்றிரண்டு படங்களாகச் சுருக்கி, பாரத்தைத் தரையிறங்கும் இடத்தில் காட்டுகிறோம். இதை வாயால் விளக்குவதைவிட, இரண்டு விதமாகவும் செய்து பிள்ளைகளின் கையில் கொடுத்து விளையாடிப் பார்க்கவிடுவது நல்லது.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கணினியென்றால் எளிய அனிமேஷன் மென்பொருளான பென்சில்2டி போதும். சற்று வலுவானதென்றால் ஓவியமும் அனிமேஷனும் செய்யும் கிரிட்டா. 8 ஜிபி நினைவகமும் ஓரளவு புதிய வரைகலை வசதியும் உள்ள கணினியென்றால் முப்பரிமாணத்திலும் வேலை செய்யும் பிளெண்டர். மூன்றும் பிரதியெடுத்துப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை என்பதால், ஒரு தடவை தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய் எத்தனை வீடுகளுக்கும் சட்டப்படியே பிரதியெடுத்துக் கொடுக்கலாம். டேட்டாவுக்குக் காசு செலவழிக்க முடியாத குடும்பங்களுக்கு இது மிகப் பெரிய உதவி. இலவச மென்பொருளில் தரமான வேலை நடக்காது என்று பெற்றோர் யாராவது சொன்னால், 2025இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற லத்வியா நாட்டுப் படம் பிளெண்டரில் உருவாக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். களவாகப் பிரதியெடுத்த மென்பொருளைக் கழகத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

இடத்துக்குச் சனசமூக நிலையத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், மதியத்தோடு முடியும் முன்பள்ளிக் கட்டடம் இருக்கிறது. உங்கள் வீட்டு அறையில் மட்டும் நடத்த வேண்டாம். பொதுவிடத்தில், கதவு திறந்திருக்க, இரண்டு பெரியவர்கள் எப்போதும் உடனிருக்க நடத்துங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் வாங்குங்கள். பிள்ளைகளின் முகங்களை இணையத்தில் போடாதீர்கள். படங்களைப் போட்டால் போதும். நம்முடைய பக்கத்தில் சில ஊர்களில் பொழுதுபட்டால் யானை வரும் என்பது உங்களுக்கும் தெரியும், ஆகையால் ஐந்து மணிக்கு முன் எல்லாரும் வீடு சேரும்படி முடித்துவிடுங்கள்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உதவி செய்ய முன்வரும் சிலர், பிள்ளைகளைக் கொண்டு போரைப் பற்றிப் படம் செய்யச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு மயிலும், குளத்தில் குளிக்கும் எருமையும், கிரிக்கெட்டும், பேயும் வரைய ஆசை. ஒரு பிள்ளை தானாகவே வீட்டின் இழப்பை வரைந்தால், அதை அமைதியாக வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளையும் வீட்டாரும் விரும்பினால் மட்டுமே மற்றவருக்குக் காட்டுங்கள். கேட்டு வாங்கிய துயரம் பிள்ளையின் படைப்பாகாது.

உரிமை பற்றியும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை அதைப் படைத்தவரின் வாழ்நாள் முழுவதற்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. வரைந்தவர் பத்து வயதுப் பிள்ளை என்றாலும் இது பொருந்தும். பிள்ளை வரைந்த ஒரு பாத்திரம் உங்கள் சொந்த கேமுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று தோன்றினால், பெற்றோருடன் எழுத்தில் உடன்பட்டு, உரிய பணத்தையும் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதேபோல், நீங்கள் வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்களின் கோப்புகளைப் பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்ட வேண்டாம். உங்கள் ஒப்பந்தம் பெரும்பாலும் அதைத் தடைசெய்திருக்கும்.

இனி உங்கள் வேலை. இலவசம் என்றால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று மட்டுமே பொருள். உங்கள் நேரத்துக்கு எல்லையில்லை என்று பொருளில்லை. கிழமைக்கு ஒரு நாள், இரண்டரை மணித்தியாலம் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலையும் மற்ற நேரங்களில் ரியூசனும் இருப்பதால், சனிக்கிழமை பின்னேரம் பல ஊர்களுக்குப் பொருந்தும். உங்கள் ஊர்த் தாய்மாரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஒப்படைப்பு நாள் நெருங்கும் மாதத்தில் கழகத்துக்கு விடுமுறை விடுவதில் தவறில்லை. சாதாரண தரப் பரீட்சைக் காலத்திலும், பெரும்போக அறுவடைக் காலத்திலும் பிள்ளைகள் குறைவார்கள், அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். பண உதவி செய்ய வருபவர்களிடம் தாளும் பென்சிலும் மின்குமிழும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை ஒரு கொப்பியில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிடுங்கள்.

காட்டும் நாளாக ஒக்டோபர் 28ஐ வைத்துக்கொள்ளலாம். 1892இல் அதே நாளில் பாரிஸ் நகரில் எமில் ரெய்னோ என்பவர் தாம் கையால் வரைந்த அசையும் படங்களை முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திரையிட்டதன் நினைவாக, 2002 முதல் அது சர்வதேச அனிமேஷன் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மழை தொடங்கும் காலம் என்பதால் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். புரொஜெக்டரை அருகிலுள்ள பாடசாலையில் இரவல் கேட்கலாம். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று தடவை ஓடவிடுங்கள், ஏனென்றால் மூன்று வினாடிப் படத்தை முதல் தடவையில் பாட்டிமார் தவறவிட்டுவிடுவார்கள்.

கடைசியாகச் சான்றிதழ். தொழிலுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழை என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமை முறையின் கீழ் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள்தான் வழங்க முடியும். கழகத்தின் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் தாள் பெற்றோரிடம் வீணான எதிர்பார்ப்பை உண்டாக்கும். அதற்குப் பதிலாக, பிள்ளை எந்தப் படத்தில் எந்த வேலையைச் செய்தது என்று தெளிவாக எழுதிய ஒரு கடிதத்தையும், அந்தப் படத்தின் பிரதியையும், அது வரைந்த மூலத் தாள்களையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். பிற்காலத்தில் வரைகலைப் பயிற்சிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தக் கோப்பை அவர்கள் காட்டலாம். முளைச்சட்டம் செய்யும் அளவுகளைப் படமாக வரைந்து இந்தக் காணொளியின் முடிவில் காட்டுகிறேன். நிறுத்திவைத்துப் பார்த்துத் தச்சரிடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.