கணக்கில் சேராத பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது ‘சம்மர் டைம் ரெண்டரிங்’ என்ற மாங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றி. அதற்கு முன் ஒரு பழைய புராணத்தைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானியப் புராணக் கதைகளுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல் கோஜிகி. 712-ல் ஓ நோ யசுமாரோ தொகுத்தது. அதன் தொடக்கத்தில் இஸானகி, இஸானமி என்று இரண்டு தெய்வங்கள் வருகிறார்கள். வானத்துப் பாலத்தில் நின்றுகொண்டு ஒரு ஈட்டியால் கடலைக் கலக்க, நுனியிலிருந்து சொட்டிய உப்பு உறைந்து ஒரு தீவாகிறது. அங்கே இறங்கி, ஒரு தூணை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றி வந்து, சந்தித்து, கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சந்தித்தபோது பெண் முதலில் வாய் திறந்துவிட்டாள், அதனால் பிறந்த பிள்ளை சரியில்லாமல் போயிற்று என்கிறது நூல். அந்தப் பிள்ளையின் பெயர் ஹிருகோ, அதாவது அட்டைப்பூச்சிப் பிள்ளை. எட்டு வருடம் கழித்து, 720-ல் வந்த நிஹோன் ஷோகி என்ற நூல், மூன்று வயதாகியும் அதனால் எழுந்து நிற்க முடியவில்லை என்கிறது. கோஜிகியோ அதைக்கூடச் சொல்வதில்லை. நாணலால் செய்த படகில் வைத்து மிதக்க விட்டார்கள், அவ்வளவுதான். அடுத்து பிறந்தது அவாஷிமா, அதுவும் பிள்ளைகளின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இரண்டே வரி. அதோடு நூல் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

தண்ணீரில் விட்ட குழந்தை என்றதும் நமக்குக் கர்ணன் ஞாபகம் வந்துவிடுவான். ஆனால் கர்ணனின் பெட்டி எங்கே கரை சேர்ந்தது, யார் எடுத்தார்கள், எப்படி வளர்ந்தான், எப்படிச் செத்தான் என்று பாரதம் கடைசிவரை அவன் பின்னாலேயே போகிறது. ஹிருகோவின் படகுக்குப் பின்னால் கோஜிகி போகவே இல்லை. அந்தப் படகு எங்கே போயிற்று என்ற கேள்வியில்தான் நான் இன்றைக்குப் பேச வந்த மாங்கா தொடங்குகிறது என்று நினைக்கிறேன். யாசுகி தனாகா எழுதி வரைந்த ‘சம்மர் டைம் ரெண்டரிங்’. 2017 அக்டோபரிலிருந்து 2021 பிப்ரவரி வரை ஷூய்ஷா நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் பிளஸ் தளத்தில் தொடராக வந்தது, மொத்தம் 13 தொகுதிகள். 2022-ல் 25 பகுதிகள் கொண்ட அனிமேயாகவும், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராகவும் வந்தது.

கதை இதுதான். ஜப்பானின் வகாயாமா மாநிலக் கடலோரத்தில் ஹிதோகாஷிமா என்று ஒரு சின்னத் தீவு. 2018 ஜூலை 22-ஆம் தேதி ஷின்பே என்ற பையன் இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் படகில் வந்து இறங்குகிறான், கூடவே வளர்ந்த உஷியோவின் இறுதிச் சடங்குக்காக. கடலில் தத்தளித்த ஒரு சிறுமியைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவள் கழுத்தில் நெரித்த தடம் இருந்தது என்கிறான் டாக்டர் வீட்டுப் பையனான நண்பன். அப்புறம் ஊரில் ஒரு பழைய பேச்சு கிளம்புகிறது: தன்னைப் போலவே இருக்கும் ‘நிழலை’ப் பார்த்தவர் செத்துப்போவார், உடனே ஹிருகோ கோயிலுக்குப் போய் தோஷம் கழித்துவிட்டு வர வேண்டும் என்று. விசாரிக்கப் போன ஷின்பேயும் கொல்லப்படுகிறான். கண் விழித்தால் மறுபடி அதே படகு, அதே தேதி.

இந்த நிழல் விவகாரத்தைத் தனாகா சும்மா கற்பனை செய்யவில்லை. எடோ காலத்து ஜப்பானில், அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை, இதற்கு ‘நிழல் நோய்’ என்றே பெயர் இருந்தது. சென்டாய் பக்கத்துக் கதைகளை எழுதிவைத்த ததானோ மகுசு என்ற பெண், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் வெளியே போய்விட்டு வீட்டுக்கு வந்து தன் அறைக் கதவைத் திறக்கிறார். மேசையில் சாய்ந்தபடி யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகுதான் தெரிகிறது. தலைமுடி கட்டியிருக்கும் விதம், உடுத்தியிருக்கும் துணி எல்லாம் தன்னுடையது மாதிரியே இருக்கிறதே என்று முகத்தைப் பார்க்கக் கிட்டே போக, அந்த உருவம் முதுகைக் காட்டியபடியே கதவின் சின்ன இடுக்கு வழியாக வெளியே ஓடி மறைந்துவிடுகிறது. அம்மாவிடம் போய்ச் சொல்கிறார். அம்மா ஒன்றுமே பேசவில்லை, முகம் மட்டும் சுருங்கிப்போகிறது. அந்த வருடம் முடிவதற்குள் அவர் நோயில் இறந்துவிடுகிறார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இப்படித்தான் தங்களைத் தாங்களே பார்த்துவிட்டு இறந்தவர்கள், அவருக்குத் தெரியாமல் வீட்டில் மறைத்திருந்தார்கள். அந்த அம்மா பேசாமல் நின்ற நிமிடத்தை நான் இதுவரை மறக்கவில்லை. தனாகாவின் தீவிலும் பெரியவர்கள் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

பேய்க் கதைகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பேய்க்கு விதியே இல்லாமல் இருப்பது. இங்கே கறாரான விதிகள் உண்டு. நிழல் ஒரு மனிதனை அப்படியே பிரதி எடுக்கும், உடம்பை மட்டுமல்ல, நினைவையும் சேர்த்து. அதை வெட்டினாலும் சுட்டாலும் பயனில்லை, ஏனென்றால் நாம் பார்க்கும் உடம்பு அதன் உயிர் இருக்கும் இடம் அல்ல, தரையில் விழுந்திருக்கும் கருப்புதான் நிஜமான அது. அதனால் சண்டை போடுகிறவர்கள் எதிரியை விட்டுவிட்டுத் தரையை அடிக்கிறார்கள், ஒருவர் சுத்தியலால், இன்னொருவர் ஆணி அடிக்கும் துப்பாக்கியால். ஷின்பே செத்துச் செத்துத் திரும்புவதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு தடவையும் அவன் விழித்தெழும் நேரம் கொஞ்சம் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது, அதனால் கைவிட்டுப் போன சிலதை அப்புறம் மீட்கவே முடியாது. படிக்கும்போது நம் வயிற்றில் புளியைக் கரைப்பது இந்தக் கணக்குதான்.

சரி, இதில் புராணம் எங்கே இருக்கிறது? கோயில் பெயரில் மட்டும் ஹிருகோ இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் பேசியிருக்க மாட்டேன். தெய்வத்தின் பெயரை எடுத்துச் சண்டைக்காரனுக்குச் சூட்டும் மாங்காக்கள் நிறையவே இருக்கின்றன. இங்கே பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உஷியோவின் குடும்பப் பெயர் கொஃபுனே, எழுத்துக்கு எழுத்து ‘சிறு படகு’. உஷியோ என்றால் கடலின் ஓதம். தங்கை மியோவின் பெயருக்குப் படகு போகும் நீர்வழி என்று பொருள். ஷின்பேயின் குடும்பப் பெயர் அஜிரோ, மூங்கிலாலும் மரத்தாலும் முடைந்து தண்ணீரில் வைக்கும் மீன் பொறி. மிதந்து போகும் படகும், அதைத் தூக்கிப்போகும் நீரும், அதைப் பிடித்து நிறுத்தும் தட்டியும் ஒரே வீட்டில் வளர்ந்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இடமும் அப்படித்தான். ஹிதோகாஷிமாவுக்கு மாதிரி, வகாயாமாவுக்கும் அவாஜி தீவுக்கும் நடுவே இருக்கும் தொமோகாஷிமா தீவுகள். மெய்ஜி காலத்து (1868–1912) ராணுவம் கட்டிய பீரங்கி மேடைகள் செங்கல் சுவரோடு இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. கதா என்ற கரையோர ஊரின் துறையிலிருந்து படகில் சுமார் 20 நிமிடம். அந்தக் கதாவில் அவாஷிமா கோயில் இருக்கிறது. ஆமாம், கணக்கில் சேராத இன்னொரு பிள்ளையின் அதே பெயர்! அந்தக் கோயில் முதலில் தொமோகாஷிமா தீவுகளில் ஒன்றில்தான் இருந்ததாகத் தலபுராணம். வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் குப்பையில் போடவும் மனசு வராமல் மக்கள் கொண்டுவந்து விட்ட பொம்மைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வருடா வருடம் மார்ச் 3-ஆம் தேதி அவற்றில் ஒரு பகுதியை வெள்ளை மரப் படகுகளில் குவித்துக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். கோஜிகியின் அந்த ஒரு வரி இன்றைக்கும் அந்தக் கரையில் நடந்துகொண்டிருக்கிறது.

போனது மட்டுமல்ல, வந்ததும் உண்டு. ஹிருகோ கரை ஒதுங்கி, மீனவர்களின் தெய்வமான எபிசு ஆனது என்று பிற்கால ஜப்பான் நம்பியது. நிஷினோமியா கோயிலின் எபிசு அந்த ஹிருகோதான். தூண்டிலும் மீனுமாகச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் தெய்வம். ஆனால் ஜப்பானியக் கடலோரங்களில் கரை ஒதுங்கிய திமிங்கிலத்தையும் எபிசு என்பார்கள், மீனவர்கள் கடலில் கண்டெடுத்த பிணத்தையும் எபிசு என்பார்கள், அது நல்ல மீன்பாடு தரும் என்று. இன்னும் படிக்காதவர்கள் அடுத்த இரண்டு வாக்கியத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அந்தத் தீவின் ஹிருகோ, கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலமாகத்தான் வந்தது. அதோடு, மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் சவத்தோடு கதை தொடங்குவதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்கு இந்த மாங்காவில் மிகவும் பிடித்த பாத்திரம் உஷியோ, இறந்த உஷியோ அல்ல, அவளுடைய நிழல். கடற்கரையில் ஷின்பே அவளைச் சந்திக்கிறான். அதே முகம், அதே கோபம், சின்ன வயதிலிருந்து இருந்த அத்தனை ஞாபகமும். டொனால்ட் டேவிட்சன் என்ற தத்துவ அறிஞர் 1987-ல் ஒரு சோதனைக் கதை சொன்னார்: சதுப்பு நிலத்தில் மின்னல் தாக்கி ஒருவன் சாகிறான், அதே நேரம் அவனைப் போலவே அணு பிசகாமல் ஓர் உருவம் உண்டாகி வீட்டுக்கு நடந்துபோகிறது, அது அவனா? இந்த மாங்காவுக்குள் ஓர் எழுத்தாளர் பாத்திரம் எழுதிய நாவலின் தலைப்பே ‘சதுப்பு மனிதன்’. டேவிட்சனுக்கு அது அவன் அல்ல. தனாகா அந்தக் கேள்வியைத் தத்துவமாக விடாமல் ஷின்பேயின் முன்னால் நிறுத்துகிறார். ஒரு பக்கம் சவப்பெட்டிக்குள் கிடக்கும் உஷியோ, இன்னொரு பக்கம் பசிக்கிறது என்று சொல்லக்கூடிய உஷியோ. இவளைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? கோஜிகியில் தெய்வங்கள் யோசிக்காமல் முடித்துவிட்ட முடிவை இவன் 13 தொகுதி முழுக்க எடுக்க வேண்டியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பாதிக்கு மேல் சண்டை அதிகமாகி, ஊரே புழுங்கிக் கிடந்த அந்த ஆரம்ப மர்மம் கரைந்துபோகிறது. பெண்களை வரைந்த விதம் சில இடங்களில் எனக்கு உறுத்தியது. ஆனாலும் அந்த முதல் தொகுதியை வாசித்து முடித்துவிட்டுத் திரும்ப முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. கோஜிகியில் படகு கரையை விட்டுப் போகும். இங்கே முதல் அத்தியாயத்திலேயே படகு கரைக்கு வருகிறது, ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் அது திரும்பி வருகிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கடைசித் தொகுதியைப் பற்றி மட்டும் இங்கே வேண்டாம், இனிமேல் படிக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.