கை உயர மறுக்கும்போது

வணக்கம் நேயர்களே.

தோள் நோகிறது என்று சொல்கிறவர்களில் பலர் கையால் தொட்டுக் காட்டுவது கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட சதையை. அது பெரும்பாலும் கழுத்திலிருந்து வரும் உளைவு. முழங்கைக்குக் கீழேயும் நோ இறங்கி, விரல் விறைத்தால் கழுத்து நரம்பைத்தான் பார்க்க வேண்டும். தோள்மூட்டின் நோ வேறு. அது மேற்கையின் வெளிப்பக்கத்தில், சட்டைக் கை முடிகிற இடத்தில் தெரியும். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் எழுப்பிவிடும்.

ஏன் இந்த மூட்டுக்கு இவ்வளவு தொல்லை? இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழம், எலும்பு அதற்குள் நன்றாக அமர்ந்திருக்கும். தோளிலோ அது தட்டம் போலத் தட்டை. பந்து போன்ற மேற்கை எலும்பின் தலையில் கால்வாசி, கூடினால் மூன்றிலொரு பங்குதான் எந்த நேரமும் அதில் பட்டுக்கொண்டிருக்கும். மிச்சத்தைப் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறிய தசைகளும், அவற்றை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும். அவற்றில் மேலே உள்ள நாண், தோள் முனை எலும்பின் கீழே ஒரு ஒடுங்கிய இடைவெளியால் போகிறது. கையைப் பக்கவாட்டில் 60 பாகையிலிருந்து 120 பாகை வரை உயர்த்தும்போது அந்த இடைவெளி இன்னும் ஒடுங்கி, நாண் நசியும். கரைவலை இழுக்கிறவர், முகட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறவர், உயரத்துக் கொடியில் உடுப்புக் காயப்போடுகிறவர் எல்லாருக்கும் நோகிற இடம் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இன்னொரு வகை, தோள் இறுக்கம். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்குக் கூடுதலாக, நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக வரும். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. தலை வாரவும் முதுகுப்பக்கம் கொளுக்கி போடவும் முடியாமல் போகும். முதலில் சில மாதம் கடும் நோ, பிறகு நோ குறைந்து இறுக்கம், பிறகு மெல்ல இளகுதல் என்று ஒன்று முதல் மூன்று வருடம் வரை எடுக்கலாம்.

நாண் கோளாறையும் தோள் இறுக்கத்தையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். நீங்களும் திருப்ப முடியவில்லை, மற்றவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் போகவில்லை என்றால் இறுக்கம். மற்றவர் உயர்த்தினால் கை போகிறது, விட்டதும் தானாக நிற்காமல் விழுகிறது என்றால் நாண் அறுந்திருக்கலாம். நீங்கள் தவறி விழுந்த பிறகு இப்படி ஆனால் எண்ணெய் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடது தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் பிந்தாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

இனி வைத்தியம். அடிபட்ட முதல் இரண்டு நாளும் சூடு வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பத்து, பதினைந்து நிமிடம் போதும். பழைய நோவுக்குச் சூடு நல்லது. இரண்டு கைப்பிடி நொச்சி இலையை ஒரு மேசைக்கரண்டி கல்லுப்போடு வெறுஞ்சட்டியில் வதக்கி, பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டி, பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நீரிழிவு உள்ளவரின் தோல் சூட்டை உணராமல் கொப்பளித்துவிடும். சூட்டை வேறொருவர் தன் முன்கையில் பார்த்த பிறகே வைக்க வேண்டும். இளஞ்சூட்டு நல்லெண்ணெயை மெதுவாகத் தடவலாம். ஆனால் எண்ணெய் உள்ளே போய் அறுந்த நாணைத் தைக்காது. இறுகிய தோளைச் சுளுக்கு என்று நினைத்து அழுத்தி வழிப்பதும், வெட்டி இழுப்பதும் மிகவும் பிழை. புண்ணான உறை இன்னும் புண்ணாகி, மாதங்கள் கூடும்.

திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளிப்பும் இதமானதுதான். ஆனால் நோகிற கையால் வாளியைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றாதீர்கள். ஐந்து லீற்றர் தண்ணீர் ஐந்து கிலோ. நாண் நசிகிற அதே உயரத்துக்கு அதைத் தூக்குகிறீர்கள். மற்றவர் ஊற்றட்டும்.

சூடு கொடுத்த கையோடு அசைவு கொடுக்க வேண்டும். சூடு கதவைத் திறக்கும், அசைவுதான் உள்ளே போகும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். நோகிற கையைக் கயிறு போலத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அதை ஆடவிடுங்கள்: முன்பின் பத்து, பக்கவாட்டில் பத்து, சாப்பாட்டுக் கோப்பையளவு வட்டம் பத்து. தோளால் கையைச் சுழற்றினால் பயனில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை செய்யுங்கள்.

அடுத்து, மல்லாந்து படுத்து, முழங்கையை மடக்கி, அதன் கீழே மடித்த துவாய் வையுங்கள். தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோகிற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இறுகுகிற இடத்தில் இருபது செக்கன் நிறுத்தி, ஐந்து முறை செய்யுங்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். தோள் காதை நோக்கித் தூக்கினாலோ உடம்பு சரிந்தாலோ அது கள்ளக் கணக்கு. ஒரு படி இறங்குங்கள். ஏறிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு விரலளவு ஏறினாலே நல்ல முன்னேற்றம். செய்து இரண்டு மணித்தியாலம் கழித்தும் உளைவு குறையாமல் இருந்தால், மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்; முழுவதும் விட்டுவிடாதீர்கள். பயந்து கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் இறுக்கம் தானாக வரும்.

இரவில் நல்ல பக்கம் சரிந்து படுத்து, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து, நோகிற கையை அதன் மேல் வையுங்கள். மல்லாந்து படுப்பவர் மேற்கையின் கீழே மடித்த சாரமொன்றை வைத்தால் முழங்கை பின்னால் சரியாது.